சீரிஸா, பேரலலா? 24 வோல்ட் பேட்டரியில் இரண்டு பெரிய பேனல்களைச் சேர்க்கும் கணக்கு

ஈபி லைன் இல்லாத ஒரு தோட்டத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். ஷெட் கூரையில் 550 வாட் பேனல் இரண்டு. உள்ளே 24 வோல்ட் பேட்டரி: 12 வோல்ட் 200 ஏஎச் டியூபுலர் இரண்டைக் கோர்த்தது, அல்லது 25.6 வோல்ட் 100 ஏஎச் லித்தியம் ஒன்று. கூரையிலிருந்து கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாட்டும் சுவருக்குக் கேபிள் போகும் தூரம் 15 மீட்டர்.

இங்கே மூன்று கேள்விகள் வரும். கண்ட்ரோலர் பிடபிள்யூஎம் வகையா, எம்பிபிடி வகையா? பேனல்களை சீரிஸில் (ஒன்றன் பின் ஒன்றாக) போடுவதா, பேரலலிலா (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் சேர்த்து)? கண்ட்ரோலர் 100 வோல்ட் தாங்குவது போதுமா, 150 வேண்டுமா? பலர் இவற்றைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். கண்ட்ரோலரை ஒரு கடையில் வாங்குகிறார்கள், பேனலை இன்னொரு இடத்தில் வாங்குகிறார்கள், கோர்ப்பதை எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுகிறார்கள். பெட்டி புகைந்து போவதும், வருடம் முழுக்க பேட்டரி நிறையாமல் கிடப்பதும் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. மூன்றுக்கும் விடை பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஒரே லேபிளிலிருந்து வரவேண்டும். கண்ட்ரோலரை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப பேனலை வளைக்கப் பார்ப்பது தலைகீழ் வேலை.

லேபிள் என்ன சொல்கிறது

550 வாட் மோனோ பெர்க் (ஒரு வகை சிலிக்கான் செல்) பேனலின் லேபிளில் ஏறத்தாழ இந்த எண்கள் இருக்கும். விஓசி 49.8 வோல்ட்: எதையும் இணைக்காதபோது வெயிலில் காட்டும் வோல்டேஜ். விஎம்பி 41.8 வோல்ட்: முழுத் திறனில் வேலை செய்யும்போது இருக்கும் வோல்டேஜ். ஐஎஸ்சி 13.9 ஆம்ப்: பிளஸ்ஸையும் மைனஸையும் நேராகச் சேர்த்தால் ஓடும் கரண்ட். ஐஎம்பி 13.2 ஆம்ப்: முழுத் திறனில் வேலை செய்யும்போது ஓடும் கரண்ட். கம்பெனிக்குக் கம்பெனி ஒரு வோல்ட், அரை ஆம்ப் மாறும். கீழே வரும் கணக்குகளில் உங்கள் லேபிளில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த எண்கள் எல்லாம் செல்லின் சூடு 25 டிகிரி என்று வைத்து அளந்தவை. சித்திரை வெயிலில் நம் ஊர்க் கூரை மேல் செல் 65 டிகிரிக்குப் போகும். ஒரு டிகிரி ஏறினால் விஓசி சுமார் 0.27 சதவீதமும், பவர் சுமார் 0.35 சதவீதமும் இறங்கும். 40 டிகிரி ஏறினால் 550 வாட் பேனல் 473 வாட்தான் தரும்; விஓசி 44 வோல்ட்டுக்கும் விஎம்பி 36 வோல்ட் பக்கமும் வந்துவிடும். குளிர்ந்தால் இதே கணக்கு மறுபக்கம் ஓடும், வோல்டேஜ் லேபிளைவிட மேலே ஏறும். சூட்டில் இறங்கும் வோல்டேஜ் பேட்டரி நிறைவதைத் தடுக்கும். குளிரில் ஏறும் வோல்டேஜ் கண்ட்ரோலரைக் கொல்லும். இரண்டு பக்கமும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பிடபிள்யூஎம் எங்கே போதும், எங்கே போதாது

பிடபிள்யூஎம் கண்ட்ரோலருக்குள் இருப்பது அடிப்படையில் ஒரு சுவிட்ச். பேனலை நேராக பேட்டரியோடு சேர்த்துவிடும். பேட்டரி நிறைந்து வரும்போது அந்தச் சேர்ப்பை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுத் துண்டிக்கும். சேர்ந்திருக்கும்போது பேனலின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜுக்கே இறங்கிவிடும். ஆம்ப் முழுசாக வரும், வோல்ட்டில் இருந்த மிச்சம் வீணாகும்.

நம் பேனலை வைத்துப் பார்த்தால், பேட்டரி 26.5 வோல்ட்டில் இருக்கும்போது ஒரு பேனல் 13.6 ஆம்ப் தந்தால் 360 வாட். எம்பிபிடி கண்ட்ரோலர் பேனலை அதன் விஎம்பியிலேயே ஓடவிட்டு, மிச்ச வோல்ட்டை ஆம்பாக மாற்றிக் கொடுக்கும் வகை. அதே சூட்டில் அது 473 வாட்டை எடுத்து, தன் செலவு நான்கு சதவீதம் போக, 454 வாட் பேட்டரிக்குக் கொடுக்கும். அதாவது பிடபிள்யூஎம் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. இதே பேனலை 12 வோல்ட் பேட்டரியில் பிடபிள்யூஎம் வழியாகச் சேர்த்தால் கிடைப்பது 180 வாட்தான். 550 வாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு மூன்றில் ஒரு பங்கை எடுக்கிறோம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 12/24 வோல்ட் பிடபிள்யூஎம் பெட்டிகள் பலவற்றில் பேனல் பக்கம் தாங்கும் உச்சம் 50 அல்லது 55 வோல்ட். 49.8 விஓசி உள்ள பேனல் ஒன்றே ஒன்று, காலை 10 டிகிரி குளிரில் 51.8 வோல்ட் காட்டும். 50 வோல்ட் பெட்டிக்கு அது எல்லை தாண்டியது.

அதற்காக பிடபிள்யூஎம் மோசம் என்று தள்ளிவிட முடியாது. 12 வோல்ட் பேட்டரி, 36 செல் உள்ள 165 வாட் பேனல், இரண்டு லைட், ஒரு டிசி ஃபேன் என்றால் அது போதும். அந்தப் பேனலின் விஎம்பி 18 வோல்ட், வெயிலில் 15.5 ஆகிவிடும். பேட்டரி 13.2 வோல்ட்டில் இருந்தால் பிடபிள்யூஎம் 121 வாட் தரும், எம்பிபிடி 134 வாட் தரும். 13 வாட்டுக்காக இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள பெட்டி வாங்குவதைவிட இன்னொரு சின்னப் பேனல் போடலாம். சமவெளிச் சூட்டில், பேட்டரிக்குப் பொருந்திய பேனலுக்கு எம்பிபிடி தரும் லாபம் பத்து சதவீதம் அளவுக்குத்தான். விளம்பரத்தில் வரும் 30 சதவீதத்தை இந்தக் கணக்கில் எதிர்பார்க்காதீர்கள்.

மிக மோசமான ஜோடி வேறொன்று: 60 செல் பேனல் (பாதியாக வெட்டிய 120 செல்லும் இதுவே), 24 வோல்ட் டியூபுலர், பிடபிள்யூஎம். இந்தப் பேனலின் விஎம்பி 31 வோல்ட் அளவில் இருக்கும். வெயிலில் 27க்கு இறங்கும். டியூபுலர் நிறைய 28.8 வோல்ட் வேண்டும். மத்தியான வெயில் நன்றாக அடிக்கும்போதுதான் சார்ஜ் ஆம்ப் குறைந்துகொண்டே போகும். மீட்டரில் பேட்டரி 27 வோல்ட்டில் நின்றுவிடும், கண்ட்ரோலர் ஃப்ளோட்டுக்கு (நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்ட்டில் தக்கவைக்கும் நிலை) போகவே போகாது. பல நாள் இப்படி அரைகுறையாக நின்றால் தட்டுகளில் சல்பேட் இறுகும், பேட்டரி பேக்கப் தேயும். பழி பேட்டரி மேல் விழும். தவறு பேனலின் செல் எண்ணிக்கையில் இருக்கும்.

நம் வழக்கில், 1100 வாட்டுக்கு, எம்பிபிடிதான். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெட்டி மேல் எம்பிபிடி என்று அச்சடித்து உள்ளே பிடபிள்யூஎம் வைத்த மலிவுப் பெட்டிகள் சந்தையில் உண்டு. சோதிப்பது சுலபம். பேட்டரி பாதி காலியாக இருக்கும்போது, நல்ல வெயிலில், சார்ஜ் ஓடிக்கொண்டிருக்க, கண்ட்ரோலரின் பேனல் முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். பேட்டரி வோல்டேஜைவிட ஒரு வோல்ட்டுக்குள் மேலே காட்டினால் உள்ளே இருப்பது பிடபிள்யூஎம். பேனலின் விஎம்பிக்குப் பக்கத்தில் காட்டினால் எம்பிபிடி. பேட்டரி நிறைந்த பிறகு இந்தச் சோதனை செல்லாது, அப்போது இரண்டு வகையும் விஓசியை ஒட்டித்தான் காட்டும்.

சீரிஸ், பேரலல்: கேபிளைக் கேட்டால்

சீரிஸில் வோல்ட் கூடும்: 83.6 வோல்ட், 13.2 ஆம்ப். பேரலலில் ஆம்ப் கூடும்: 41.8 வோல்ட், 26.4 ஆம்ப். பவர் ஒன்றே. ஆனால் கேபிளில் வீணாவது ஆம்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆம்ப் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும்.

15 மீட்டர் தூரம் என்றால் போக வர 30 மீட்டர். 4 ஸ்கொயர் எம்எம் சோலார் கேபிளில் இதன் தடை சுமார் 0.153 ஓம். சீரிஸில் 2 வோல்ட் விழும், 27 வாட் போகும். பேரலலில் 4 வோல்ட் விழும், 107 வாட் போகும். 41.8 வோல்ட்டில் 4 வோல்ட் என்பது கிட்டத்தட்ட பத்து சதவீதம். பேரலலிலேயே இந்த இழப்பை சீரிஸ் அளவுக்குக் கொண்டுவர 16 ஸ்கொயர் எம்எம் கேபிள் இழுக்க வேண்டும்.  அது எம்சி4 கனெக்டரில் (பேனல் கேபிள்களை இணைக்கும் பிளக்) கிரிம்ப் ஆகாது, அதாவது நசுக்கிப் பொருத்த முடியாது. 6 ஸ்கொயர் எம்எம் போட்டாலும் பேரலலில் 71 வாட் போகும்.

கூரையும் கண்ட்ரோலரும் நான்கு மீட்டருக்குள் இருந்தால் இந்த வாதம் பலமிழக்கும். தோட்டங்களில் பேனல் ஸ்டாண்டு மரநிழலைத் தாண்டித் தள்ளி நிற்பதுதான் வழக்கம் என்பதால், தூரம் பெரும்பாலும் சீரிஸ் பக்கமே தள்ளும். கோர்க்கும் வேலையும் சீரிஸில் எளிது. ஒரு பேனலின் பிளஸ் எம்சி4 அடுத்த பேனலின் மைனஸில் தானாகப் பொருந்தும். பேரலலுக்கு ஒய் வடிவக் கனெக்டர் இரண்டு வேண்டும். அவற்றின் ஆம்ப் அளவு நம் 28 ஆம்புக்கு மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். மலிவான ஒய் கனெக்டர்களில் இந்த அளவையே போட்டிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்டதை வாங்காதீர்கள்.

சீரிஸின் குறையையும் சொல்ல வேண்டும். 100 வோல்ட் டிசி ஈரக் கையில் பட்டால் ஆபத்து. 50 வோல்ட்டில் இந்தப் பயம் குறைவு. குழந்தைகள் கை எட்டும் உயரத்தில் ஸ்டாண்டு அமைக்கும் இடங்களில் கேபிளைக் குழாய்க்குள் விடுவது சீரிஸில் கட்டாயம்.

நிழல்: பாதி சரியான பேச்சு

சீரிஸ் வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் சொல்லும் காரணம் நிழல். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் எல்லாம் படுத்துவிடும் என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு பேனலின் ஜங்ஷன் பெட்டியிலும் பைபாஸ் டயோடு மூன்று இருக்கும். பேனல் மூன்று பகுதிகளாகப் பிரிந்து ஆளுக்கொரு டயோடைப் பெற்றிருக்கிறது. தென்னை ஓலையின் நிழல் ஒரு பகுதியில் விழுகிறது என்று வையுங்கள். சீரிஸில் அந்தப் பகுதியின் டயோடு திறந்து கரண்ட்டை வேறு வழியில் விட்டுவிடும். இழப்பது ஆறில் ஒரு பங்கு. மொத்த வோல்டேஜ் 84லிருந்து 70 பக்கம் இறங்கும். 13 ஆம்ப் அப்படியே ஓடும்.

இதே நிழல் பேரலலில் விழுந்தால், நிழல்பட்ட பேனலில் டயோடு திறந்தால் அதன் வோல்டேஜ் 28க்கு இறங்க வேண்டும். பக்கத்துப் பேனல் 42ல் இருக்கிறது. இரண்டும் ஒரே கம்பியில் சேர்ந்திருப்பதால் பொது வோல்டேஜ் 42 பக்கமே நிற்கும். அதனால் டயோடு உதவிக்கு வராது, நிழல்பட்ட பேனலின் கரண்ட்தான் குறையும். ஓலை, கொடிக்கம்பி, ஆண்டெனா போன்ற சின்ன நிழலுக்கு பேரலல்தான் மருந்து என்பது அப்படியே உண்மையல்ல. பல நேரம் சீரிஸ் குறைவாகவே இழக்கும்.

ஒரு பேனல் முழுவதும் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குள் போனால் நிலைமை மாறும். பேரலலில் வெயில்பட்ட பேனல் முழுசாகத் தரும், நிழல்பட்டது வானத்தின் பரவிய ஒளியில் கொஞ்சம் தரும். சீரிஸில் நிழல் பேனலை டயோடுகள் மொத்தமாகத் தாண்டிவிடும். அந்தக் கொஞ்சம் கிடைக்காது. மிச்சமிருக்கும் ஒரு பேனல் சூட்டில் 36 வோல்ட், டயோடுகளில் ஒன்றரை வோல்ட் போனாலும் 34க்கு மேல் நிற்கும். 24 வோல்ட் பேட்டரியை அதன் 28.8 வரை ஏற்ற அது போதும். இழப்பு அந்த ஒளித்துளி மட்டுமே.

கவனிக்க வேண்டியது, இந்த ஆறுதல் 24 வோல்ட்டுக்குத்தான். பேட்டரி 48 வோல்ட் என்றால், நிழல் தாண்டி எஞ்சிய 34 வோல்ட்டால் ஒரு ஆம்ப்கூட உள்ளே போகாது. அங்கே இரண்டு பேனல் சீரிஸில் ஒன்று நிழலில் போனால் உண்மையிலேயே எல்லாம் படுத்துவிடும். பேரலல் என்றால் வெயில் அடிக்கும்போதுகூட 42 வோல்ட் பேனல் 48 வோல்ட் பேட்டரியைத் தொடாது. 48 வோல்ட் போகிறவர்கள் மூன்று பேனல் சீரிஸ், 250 வோல்ட் தாங்கும் கண்ட்ரோலர் என்று யோசிப்பதே நல்லது.

இன்னொரு தடங்கல் கண்ட்ரோலரின் மூளையில் இருக்கிறது. நிழல் விழும்போது பவர் வளைவில் இரண்டு முகடுகள் உருவாகும். நல்ல பெட்டிகள் அவ்வப்போது முழு வீச்சையும் தேடி உயர்ந்த முகட்டைப் பிடிக்கும். சில பெட்டிகள் பக்கத்தில் இருக்கும் சின்ன முகட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். பேனல் வோல்டேஜ் 78 என்று உயர்ந்தே நிற்கும், ஆம்ப் மட்டும் மூன்று நான்குக்கு மேல் ஏறாது. பேனல் பக்கத்துப் பிரேக்கரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டதும் ஆம்ப் குதித்து ஏறினால் சிக்கல் இதுதான். அந்தப் பெட்டியோடு வாழ்வதென்றால் நிழல் உள்ள இடத்தில் பேரலலுக்கு மாறிவிடுங்கள்.

100 வோல்ட் கண்ட்ரோலரும் இரண்டு பேனல் சீரிஸும்

இந்தக் கட்டுரையில் ஒரு பத்தியை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். எம்பிபிடி பெட்டிகளில் 100/50, 150/35 என்று எண் போட்டிருப்பார்கள். முதல் எண் பேனல் பக்கம் தாங்கும் உச்ச வோல்ட், இரண்டாவது பேட்டரிக்குத் தரும் உச்ச ஆம்ப். இரண்டு 49.8 வோல்ட் பேனலை சீரிஸில் போட்டால் 99.6. நூறுக்குள் இருக்கிறதே என்று 100 வோல்ட் பெட்டியை வாங்கிவிடுகிறார்கள். 99.6 என்பது 25 டிகிரிக்கான எண். சமவெளியில் மார்கழிக் காலை 20 டிகிரியில் அது 100.9. உதகையில் உறைபனி விழும் பூஜ்ஜிய டிகிரிக் காலையில் 106. உச்சி வெயில் வர வேண்டிய அவசியம்கூட இல்லை. விடிந்த கொஞ்ச நேரத்தில், இளவெயிலிலேயே பேனல் தன் விஓசிக்குப் பக்கத்தில் வந்துவிடும். செல் இன்னும் சூடாகியிருக்காது. திறந்த வானத்தின் கீழ் இரவு முழுக்கக் கிடந்த பேனல் சுற்றியுள்ள காற்றைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தும் இருக்கும். முந்தைய நாள் பேட்டரி நிறைந்திருந்தால் கண்ட்ரோலர் கரண்ட் இழுக்காமல் இருக்கும், அந்த முழு வோல்டேஜும் உள்ளிருக்கும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) மேல் நிற்கும். வோல்டேஜ் தாண்டிப் போன பெட்டிக்கு வாரண்டியும் பெரும்பாலும் கிடைக்காது.

டாப்கான் (இன்னொரு செல் வகை) வகையில் 575 வாட்டுக்கு மேற்பட்ட பேனல்கள் பலவற்றில் விஓசி ஒன்றுக்கே 51 வோல்ட்டைத் தாண்டும். அவற்றில் இரண்டு சீரிஸ் என்றால் 100 வோல்ட் பெட்டி எந்த ஊரிலும் கூடாது.

ஆக, இரண்டு சீரிஸ் என்றால் 150 வோல்ட் பெட்டி. அதே 150 வோல்ட்டில் மூன்று சீரிஸ் போகலாமா என்றால், 149.4, கூடாது. காரணம் மேலே சொன்னதுதான்.

ஏற்கனவே 100 வோல்ட் பெட்டி கையில் இருந்தால் பேரலல் போட்டு, அதற்கேற்ற கேபிள் இழுங்கள். பெட்டியின் பேனல் பக்க ஐஎஸ்சி எல்லை 28 ஆம்புக்கு மேல் இருக்கிறதா என்று அதன் டேட்டா ஷீட்டில் பாருங்கள். பேரலலில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பேனல் வோல்டேஜ் பேட்டரியைவிட இத்தனை வோல்ட் மேலே இருந்தால்தான் சார்ஜைத் தொடங்குவேன் என்று கண்ட்ரோலர்கள் வைத்திருக்கும். விக்ட்ரான் பெட்டிகளில் தொடங்க 5 வோல்ட், தொடங்கிய பின் 1 வோல்ட். 72 செல் கொண்ட நம் 550 வாட் பேனலுக்கு 24 வோல்ட்டில் இது தடையில்லை. 60 செல் பேனல் பேரலலில் இருந்தால் கோடை மத்தியானம் திணறும்.

இரண்டாவது எண்ணான ஆம்ப் இவ்வளவு கறார் இல்லை. சூட்டில் நம் பேனல்கள் இரண்டும் 946 வாட் தரும். 28 வோல்ட்டில் 32 ஆம்ப். 35 ஆம்ப் பெட்டி போதும். மழை விட்டு மேக விளிம்பில் வெயில் பளிச்சென்று அடிக்கும் சில நிமிடங்களில் அதைத் தாண்டினால் எம்பிபிடி பெட்டி 35ல் பிடித்து நிறுத்திக்கொள்ளும், சேதம் இல்லை. பிடபிள்யூஎம்மில் இந்தச் சலுகை கிடையாது. வரும் ஆம்ப் அப்படியே சுவிட்ச் வழியாகப் போகும் என்பதால் ஐஎஸ்சியின் 1.25 மடங்குக்கு மேல் அளவுள்ள பெட்டி வேண்டும்.

பேட்டரிக்கும் ஒரு எல்லை உண்டு. 200 ஏஎச் டியூபுலருக்கு 20 ஆம்ப் இதமானது, 35 ஆம்ப் மேல் வரம்பைத் தொடுவது. 150 ஏஎச் தான் இருக்கிறது என்றால் கண்ட்ரோலர் செட்டிங்கில் உச்ச சார்ஜை 22 ஆம்புக்குக் குறையுங்கள். 100 ஏஎச் லித்தியம் 35 ஆம்பைச் சாதாரணமாக வாங்கிக்கொள்ளும்.

பழைய பேனல் ஒன்று, புதுப் பேனல் ஒன்று

வீட்டில் முன்பே 335 வாட் பாலி பேனல் (38 வோல்ட், 8.8 ஆம்ப்) இருக்கிறது, புதிதாக 550 சேர்க்கிறார்கள் என்றால் தீர்ப்பு புரண்டுவிடும். சீரிஸில் சின்னப் பேனலின் 8.8 ஆம்புக்குமேல் போக வழியில்லை. 550 வாட் பேனல் 370 வாட் போல நடக்கும். பேரலலில் இரண்டும் 39, 40 வோல்ட்டில் சந்தித்துக்கொள்ளும், சில சதவீதம்தான் போகும். கூரையின் கிழக்குச் சரிவில் ஒன்று, மேற்குச் சரிவில் ஒன்று என்றாலும் பேரலல்தான். வெயில் குறைந்தால் ஆம்ப் வெகுவாகக் குறையும், வோல்ட் அவ்வளவு குறையாது. அதனால் பேரலலில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதில்லை. காசு இடம் கொடுத்தால் ஆளுக்கொரு சின்ன எம்பிபிடி வைத்து இரண்டையும் ஒரே பேட்டரியில் சேர்ப்பது இதைவிட நல்லது.

ஃபியூஸ், பிரேக்கர், எர்த்

இரண்டு பேனல் பேரலலுக்குப் பேனல்வாரி ஃபியூஸ் தேவையில்லை. ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்றது தரக்கூடியது 14 ஆம்ப்தான். லேபிளில் உச்ச ஃபியூஸ் அளவு 25 ஆம்ப் என்று இருக்கும். மூன்று பேரலல் ஆனதும் இரண்டு பேனல் சேர்ந்து 28 ஆம்பைப் பழுதான பேனலுக்குள் தள்ளும். அங்கிருந்து ஒவ்வொன்றுக்கும் 25 ஆம்ப் ஜிபிவி (சோலாருக்கென்றே செய்த வகை) ஃபியூஸ் வேண்டும். சீரிஸில் எத்தனை இருந்தாலும் ஒரே வரிசைக்கு இந்தக் கவலை இல்லை.

பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே இரண்டு போல் டிசி எம்சிபி (பிரேக்கர்), சீரிஸ் என்றால் 25 ஆம்ப். வீட்டில் மிச்சம் கிடந்த ஏசி எம்சிபியை மாட்டுவது நம் ஊரில் பரவலான தவறு. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடும், அந்த இடத்தில் தீப்பொறி அணையும். டிசியில் அந்த இடைவெளி இல்லை. 80 வோல்ட் 13 ஆம்பைப் பிரிக்கும்போது பொறி அணையாமல் நின்று பெட்டியை உருக்கும். டிசி எம்சிபியிலும் பிளஸ் மைனஸ் குறி போட்ட வகையை மாற்றி மாட்டினால் இதே கதி. குறி இல்லாத, இருபக்கமும் ஏற்கும் வகையை வாங்குங்கள்.

பேட்டரி பிளஸ்ஸில் 50 ஆம்ப் ஃபியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். கண்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 16 ஸ்கொயர் எம்எம் காப்பர், இரண்டு மீட்டருக்குள். இந்தத் துண்டு நீளக் கூடாது. நீட்ட வேண்டியிருந்தால் பேனல் பக்கத்தை நீட்டுங்கள்.

மலிவான பிடபிள்யூஎம் பெட்டிகள் பலவற்றில் பிளஸ் பொதுவாக இருக்கும், துண்டிப்பது மைனஸில் நடக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் பேனல் மைனஸையும் பேட்டரி மைனஸையும் ஒரே எர்த்தில் கட்டிவிட்டால் கண்ட்ரோலரைத் தாண்டி நேராக சார்ஜ் ஏறும். பேட்டரி கொதித்து தண்ணீர் வற்றும், பெட்டி மட்டும் சாதுவாக ‘ஃபுல்’ என்று காட்டிக்கொண்டிருக்கும். பேனலின் அலுமினியச் சட்டத்தை எர்த் செய்யுங்கள். அது வேறு, மைனஸ் கம்பியை எர்த் செய்வது வேறு.

கோர்க்கும் நாள்

முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. கண்ட்ரோலர் 12ஆ, 24ஆ என்பதை பேட்டரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் வந்தால் சில பெட்டிகள் தவறான அளவைப் பிடிக்கும், சில பழுதாகும். லித்தியத்தின் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட்) திடீரென்று துண்டித்தாலும் இதே நிலைதான் வரும். அதனால் கண்ட்ரோலரின் வோல்டேஜை பிஎம்எஸ் வெட்டும் அளவுக்குக் கீழேயே வையுங்கள்.

பேட்டரியை இணைத்ததும் செட்டிங். டியூபுலருக்கு 28.8 வோல்ட், ஃப்ளோட் 27.4, சூட்டுக்கேற்பத் திருத்தும் வசதி ஆனில். லித்தியத்துக்கு 28.4, ஃப்ளோட் 27. ஈக்வலைஸும் (செல்களைச் சமன்படுத்தும் கூடுதல் சார்ஜ்) சூட்டுத் திருத்தமும் ஆஃபில். பேட்டரி கம்பெனியின் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி.

பேனல் கேபிளைக் கண்ட்ரோலரில் செருகுவதற்கு முன், பிரேக்கர் அணைந்த நிலையில், அதன் பேனல் பக்க முனைகளில் மல்டிமீட்டரை டிசி 200 அளவில் வைத்துப் பாருங்கள். சீரிஸில் மத்தியானம் என்றால் 89 பக்கம், காலை என்றால் 95க்கு மேல் காட்ட வேண்டும். 45 காட்டினால் ஒரு பேனல் கணக்கில் வரவில்லை. பூஜ்ஜியத்துக்குப் பக்கம் என்றால் ஒன்றைத் தலைகீழாகக் கோர்த்திருக்கிறீர்கள், அல்லது எம்சி4 ஒன்று ‘டக்’ என்று பூட்டவில்லை. மைனஸ் குறி வந்தால் கம்பி மாறியிருக்கிறது. நீட்டிய கேபிளில் ஆண், பெண் கனெக்டர் மாற்றி மாட்டுவதால் இது அடிக்கடி நடக்கும். பேரலலில் இந்தத் தவறு மீட்டரில் தெரியும் முன்பே ஆபத்து. ஒரு பேனல் தலைகீழானால் இரண்டுக்கும் நடுவே 14 ஆம்ப் சுற்றிச் சுற்றி ஓடும். அதனால் பேரலலில் ஒவ்வொரு பேனலையும் தனியாக அளந்து, பிளஸ் மைனஸ் உறுதி செய்த பிறகே ஒய் கனெக்டரில் சேருங்கள்.

எல்லாம் சரியென்றால் பிரேக்கரைப் போடுங்கள். பேட்டரி பாதியில் இருக்கும் தெளிந்த மத்தியானத்தில் பேனல் பக்கம் 72 வோல்ட், 13 ஆம்ப். பேட்டரி பக்கம் 27 வோல்ட், 33 ஆம்ப் என்ற கணக்கில் வரும். பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, கேபிள் வழியெங்கும் ஒவ்வொரு எம்சி4 மேலும் புறங்கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் பக்கத்துக் கேபிளைவிடச் சூடாக இருந்தால் அதன் கிரிம்ப் சரியில்லை, அல்லது இரண்டு கம்பெனிக் கனெக்டரை ஒன்றோடொன்று பொருத்தியிருக்கிறீர்கள். பூட்டிக்கொள்ளும், ஆனால் உள்ளே முழுசாகத் தொடாது. பிரேக்கரை அணைத்து, கரண்ட் பூஜ்ஜியம் ஆனதை மீட்டரில் பார்த்த பிறகு அதை வெட்டி எடுத்து, ஒரே கம்பெனி ஜோடியாக, எம்சி4க்கு உரிய கிரிம்பிங் கருவியால் புதிதாகப் போடுங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கிய கிரிம்ப் அடுத்த கோடையில் கருகும்.